ஆற்றில் கழிவு கலக்கிறதா? ஒரு நோட்டிலிருந்து தொடங்குங்கள்: புதியவர்களுக்கான செய்முறை

நொய்யல் ஆற்றின் கரைக்காரர்களுக்கு ஒரத்துப்பாளையம் என்ற பெயரைக் கேட்டாலே நெஞ்சு கனக்கும். பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த அணை அது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நேராகவும், ஜம்மனை ஓடை, நல்லாறு வழியாகவும் ஆற்றில் இறங்கி அந்த அணைக்குள் போய்த் தேங்கியது. சில வருடங்களிலேயே, "தண்ணீர் திறந்துவிடுங்கள்" என்று கேட்க வேண்டிய விவசாயிகள் "மதகைத் திறக்காதீர்கள்" என்று மன்றாடும் நிலை வந்தது. பாசன அணைக்கு இதைவிடக் கொடுமையான கதி இருக்க முடியாது.

ஆற்றுப் பாசன விவசாயிகளின் அமைப்பான நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆலை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009-இல் அங்கேயும் தீர்ப்பு ஆற்றின் பக்கம்தான். அப்போதும் கழிவு நிற்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரியில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையை எட்டாத சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரே நேரத்தில் நின்றன.

கோபம் கரையில் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் நீதிமன்றத்தில் பேசியவை அளவுகளும் அறிக்கைகளும் தேதிகளும்தான். உங்கள் ஊர் ஆற்றுக்கோ, பள்ளத்துக்கோ, வாய்க்காலுக்கோ ஏதாவது செய்ய நினைத்தால் அந்த வேலையைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். பெரிய படிப்பும் பெரிய பணமும் இதற்குத் தேவையில்லை.

படி 1: உங்கள் துண்டை நடந்து பாருங்கள்

முழு ஆற்றையும் காப்பாற்றக் கிளம்பாதீர்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் போதும். ஒரு தரைப்பாலத்திலிருந்து அடுத்த தடுப்பணை வரை என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். கரையோரமாக நடந்து, ஆற்றில் வந்து சேரும் ஒவ்வொரு குழாயையும் சாக்கடையையும் ஓடையையும் கைப்பேசி வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். கரையில் உள்ள கிணறுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்காரரிடம் எந்த வருடத்திலிருந்து தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று கேளுங்கள். வயதானவர்களுக்கு இது துல்லியமாக நினைவிருக்கும்.

ஒன்றை மனதில் வையுங்கள். ஆற்றைக் கெடுப்பது ஆலை மட்டும்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு நடக்காதீர்கள். பல ஊர்களில் சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடையை ஆற்றில் விடுவது நகராட்சியே. ஆகாயத்தாமரை அடர்ந்து கிடந்தால் சாக்கடைச் சத்து சேருகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

படி 2: நோட்டு

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் நீங்கள் செய்யப்போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

நூறு பக்க நோட்டு ஒன்று. தேதி, நேரம், இடத்தின் எண், தண்ணீரின் நிறம், வாடை, நுரை, மீன் செத்து மிதக்கிறதா, அன்று மழை உண்டா, பார்த்தவர் யார் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது எழுதுங்கள். ஒன்றும் இல்லாத நாளிலும் "தெளிவு, வாடை இல்லை" என்று எழுத வேண்டும். நல்ல நாளையும் எழுதியிருந்தால்தான் கெட்ட நாளைப் பற்றி நீங்கள் சொல்வதை நம்புவார்கள்.

நான் முதல் வருடம் எழுதியவற்றில் நேரம் இல்லை. "இரவு கருப்பாகத் தண்ணீர் வந்தது" என்று பத்துப் பன்னிரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு?" என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. அந்த வருடம் முழுக்க வீணானது இன்றும் வலிக்கிறது.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? 1974-ஆம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுதான் காரணம். அந்தச் சட்டப்படி வழக்குத் தொடரும்போது, நீங்களோ நானோ பாட்டிலில் பிடித்த தண்ணீரின் முடிவு சாட்சியம் ஆகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி வந்து, ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரி எடுத்து, அதை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையொப்பம் வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆக, கழிவு ஓடும் அந்த நேரத்தில் அதிகாரியைக் கரைக்கு வரவைப்பதுதான் நம் வேலை. பகல் பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்தால் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். மழை இரவுகளில், ஞாயிறு விடியலில், பண்டிகைக்கு முந்தைய நாளில் என்று கழிவு விடுவதற்கு ஒரு வாடிக்கை இருக்கும். மூன்று மாதம் விடாமல் எழுதினால் உங்கள் நோட்டு அதைக் காட்டிவிடும்.

படம் எடுக்கும்போது இடமும் நேரமும் படத்திலேயே பதியும் கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்து, உள்ளே பதிந்த விவரங்களும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். பின்னால் நீதிமன்றத்துக்குப் போனால், மின்னணுச் சாட்சியத்துக்கு 2023-இன் சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டிவரும். எந்தக் கைப்பேசியில் எடுத்தீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

தனியாகப் போகாதீர்கள், அதிலும் இரவில். ஆலைச் சுவர் ஏறிக் குதிக்க வேண்டாம். ஆற்றுப் பக்கம் நின்றே எல்லாவற்றையும் பதிவு செய்யலாம். கையுறை இல்லாமல் கழிவைத் தொடாதீர்கள்.

படி 3: அளந்து பாருங்கள்

சில நூறு ரூபாய்க்குப் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 2000 வரை அனுமதி என்பது இந்தியத் தர அளவு. ஆற்றில் விடும் ஆலைக் கழிவுநீருக்கு 2100 என்பது வாரியம் பின்பற்றிவரும் வரம்பு.

சாயக்கழிவைப் புரிந்துகொள்ள இந்த உப்புக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பருத்தித் துணியில் சாயம் ஏற, சாயத்தொட்டியில் சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ நிறையப் போடுவார்கள். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. போட்ட உப்பு அவ்வளவும் கழிவுநீரில் வெளியே வரும். சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டுச் சுத்திகரித்தால் நிறம் போய்விடும், உப்பு போகாது. அதனால்தான் "தண்ணீர் வெள்ளையாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தென்னை காய்ந்தது. சோடியம் ஏறஏற மண் இறுகிக் களர் ஆகும். தண்ணீர் உள்ளே இறங்காது. சவ்வுகளில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைத் திரும்ப எடுத்தால்தான் இதற்குத் தீர்வு. திருப்பூரில் இன்று நடப்பது அந்த முறைதான். செலவு அதிகம். அதனால்தான் கண் மறைந்தால் திறந்துவிடும் ஆசையும் வருகிறது.

எப்போதும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: கழிவு சேரும் இடத்துக்கு மேல் பக்கம், கழிவு விழும் வாய், கலந்து ஓடும் கீழ்ப் பக்கம். மேல் பக்கத்தை அளக்காமல் விட்டால், "மேலேயே கெட்டுத்தான் வருகிறது" என்று ஒரே வரியில் உங்களை அனுப்பிவிடுவார்கள்.

மீட்டரை நம்பி ஏமாறவும் கூடாது. வீட்டுச் சாக்கடையில் டி.டி.எஸ். அவ்வளவாக ஏறாது, தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்றுதான் அது மீனைக் கொல்கிறது. அதைக் காட்டும் அளவு பி.ஓ.டி. குளிக்கத் தகுந்த ஆற்றில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள்ளும், கரைந்த ஆக்ஸிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். பி.ஓ.டி. அளக்க ஆய்வகம் தேவை. பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் கொண்டுபோங்கள். கிணற்றுத் தண்ணீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகமே போதும்.

படி 4: ஆள் சேருங்கள்

நான்கு பேர் போதும்: ஒரு விவசாயி, ஆற்றோரம் குடியிருக்கும் ஒரு பெண், கைப்பேசி கையாளத் தெரிந்த ஒரு இளைஞர், அலுவலகக் கடிதம் எழுதிப் பழகிய ஓய்வுபெற்றவர் ஒருவர். ஆலையில் வேலை செய்பவர்களை எதிரியாக நினைக்கக் கூடாது. 2011-இல் பட்டறைகள் மூடியபோது சோறில்லாமல் நின்றது அவர்கள்தான். அதே கெட்ட தண்ணீரைக் குடிப்பதும் அவர்கள்தான். கழிவைச் சுத்திகரி என்பதுதான் நம் கோரிக்கை என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபையை விடாதீர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தீர்மானத்தை எழுத்தில் கொண்டுபோய் நிறைவேற்றி, நகல் வாங்கிவிடுங்கள்.

படி 5: புகார்

ஆலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். சாக்கடை என்றால் நகராட்சி ஆணையர் அல்லது வட்டார வளர்ச்சி அலுவலர், நகல் அதே பொறியாளருக்கு. கரை ஆக்கிரமிப்பு என்றால் நீர்வளத்துறை. எதுவானாலும் ஒரு நகல் ஆட்சியருக்கு. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். விவசாயிகளுக்கு மாதாந்திரக் குறைதீர் கூட்டமும் உண்டு. தொலைபேசியில் புகார் சொல்ல முதல்வரின் உதவி எண் 1100.

ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். இப்படி:

"ஐயா/அம்மா, …… ஆற்றில் …… தரைப்பாலத்துக்கு மேற்கே 200 மீட்டரில் தென்கரையிலுள்ள சிமென்ட் குழாயிலிருந்து …… தேதி காலை 5.40 முதல் 6.30 மணி வரை அடர்நிறக் கழிவுநீர் வெளியேறியதை நாங்கள் மூவர் பார்த்தோம். குழாய்க்கு மேற்பகுதியில் டி.டி.எஸ். ……, குழாய் வாயில் ……, கீழ்ப்பகுதியில் …… இருந்தது. கடந்த மூன்று மாதத்தில் இதேபோல் நடந்த 11 நாட்களின் பட்டியலை இணைத்துள்ளோம். விடியற்காலை நேரத்தில் ஆய்வு செய்து, சட்டப்படி மாதிரி எடுத்து, எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

இதில் எந்த ஆலையின் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். குழாய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அதிகாரியின் கடமை. தவறாகப் பெயர் சொன்னால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். முகநூலில் எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

படி 6: தகவல் கேளுங்கள்

ஒரு மாதம் பதில் இல்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: எங்கள் மனுவின் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், அந்தப் பகுதி ஆலைகளின் இசைவாணை (ஆலை இயங்க வாரியம் நிபந்தனைகளோடு தரும் அனுமதி) நகல்கள், கடந்த மூன்று வருட ஆய்வறிக்கைகள், எடுத்த மாதிரிகளின் முடிவுகள், அனுப்பிய விளக்கம் கோரும் அறிவிப்புகள்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இசைவாணை கையில் கிடைத்தால் நிதானமாகப் படியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் கழிவு, அது எங்கே போக வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். நிபந்தனையையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீறல் தானே தெரியும்.

படி 7: பசுமைத் தீர்ப்பாயம்

சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம் என்றாலும், ஒருவர் துணை இருப்பது நல்லது. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். இழப்பீடு கேட்க ஐந்து வருடம். அதனால் புகார் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

மனுவை ஏற்றால் தீர்ப்பாயம் பெரும்பாலும் ஒரு கூட்டுக் குழு அமைத்து அறிக்கை கேட்கும். குழு கரைக்கு வரும் நாளில் நீங்களும் அங்கே நிற்க வேண்டும். மாசு செய்தவரே சீரமைக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை மனுவில் எடுத்துச் சொல்லுங்கள். பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக வேலூர் மக்கள் நல மன்றம் நடத்திய வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்றே அறிவித்தது. நம் மாநிலத்து மக்கள் வாங்கித் தந்த தீர்ப்பு அது. இன்று நாடு முழுக்க ஆற்று வழக்குகளில் அதைக் காட்டுகிறார்கள்.

படி 8: உத்தரவுக்குப் பிறகு

பலர் சோர்ந்துபோவது இங்கேதான். வேலூர் தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகும், 2025 ஜனவரியில் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. நொய்யலிலும் மழைக்காலத்தில் நுரை பொங்கும் செய்தி இன்றும் வருகிறது.

உத்தரவின் நகலை வாங்கி, ஒவ்வொரு கெடுவையும் நாட்காட்டியில் குறியுங்கள். கெடு முடிந்த மறுநாளே நிலைமை என்ன என்று கேட்டுத் தகவல் மனு போடுங்கள். நோட்டை நிறுத்தாதீர்கள். நால்வரில் ஒருவர் ஊர் மாறிப் போனால், போவதற்கு முன் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு கரையை நடந்து, ஒவ்வொரு எண்ணும் எந்தக் குழாய் என்று காட்டிவிட்டுப் போகட்டும். ஐப்பசி மழை பிடித்ததும் முதல் இரண்டு இரவு யார் பாலத்தில் நிற்பது என்று இப்போதே முறை போட்டுக்கொள்ளுங்கள்.