கொழும்பில் நிற்கும் பைக்கை யாழ்ப்பாணம் வரை நம்பி ஓட்ட

வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அந்த வழியில் பைக் பழுதாகி நின்றவர்களிடம் கதை கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அந்தப் பழுது வழியில் வந்திருக்காது, அதற்கு முந்தின இரண்டு மூன்று மாதங்களில் கொழும்பின் காலி வீதி நெரிசலிலும் கடற்காற்றிலும் மெல்ல மெல்லத் தொடங்கி, நொச்சியாகமையிலோ மாங்குளத்திலோ வெளியே தெரிந்திருக்கும். அதனால் பயணத்துக்கு முதல் நாள் சேர்விசுக்கு விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஐந்து நாள் நகரத்துக்குள் ஓடும் பைக்கைத்தான் ஆறாம் நாள் நெடுந்தூரம் கொண்டு போகிறோம், இந்தக் குறிப்பு முழுவதும் அதைப் பற்றித்தான்.

முதலில் வாங்குவது. பெரிய எஞ்சின்தான் தூரப் பயணத்துக்கு வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். இலங்கையில் அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, நாம் போவதெல்லாம் பஸ்ஸும் லொறியும் மாடும் வரும் சாதாரண ஏ தர வீதிகளில்தான். அங்கே 150 இலிருந்து 250 சிசி வரை உள்ள பைக் தாராளமாகப் போதும். புது இந்திய பைக் என்றால் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும், கிளிநொச்சியில் கூட பிரேக் பாட் வாங்கலாம். ஜப்பான் ரீகண்டிஷன் ட்ரெயில் பைக்குகளான பாஜா, ஜெபல் போன்றவை குன்றும் குழியுமான வீதிக்கு அருமையானவை, ஆனால் ஒரு சிறு பாகத்துக்குப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கப் பொறுமை இருக்க வேண்டும். 2020 இலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால், கையில் கிடைக்கும் பழைய பைக்குகள் பல கை மாறியவை. பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் நீங்களே டோர்ச் அடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். "பேப்பர் பிறகு தாறன்" என்று யாராவது சொன்னால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள், எவ்வளவு வடிவான பைக்காக இருந்தாலும் சரி.

இனி செயின். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்டது இதில்தான். ஒருமுறை நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் அவசரத்தில், முதல் நாள் மாலை ஒரு கராஜில் செயினை இறுக்கிக் கொடுத்தார்கள். பைக் ஸ்டாண்டில் நிற்கும்போது செயின் கம்பி போல நேராக இருந்தது, எனக்கும் அது நல்லதாகவே தெரிந்தது. அடுத்த நாள் மனைவியை ஏற்றி, இரண்டு பக்கமும் பைகளைக் கட்டிக்கொண்டு போனோம். புத்தளம் தாண்டியதும் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு முனகல் சத்தம். நொச்சியாகமை வரும்போது முன் பல்சக்கரத்துக்குப் பின்னாலுள்ள ஒயில் சீல் கசிந்து, பின் ரயரின் ஓரம் வரை ஒயில் தெறித்திருந்தது. அந்த ரயர் ஒரு வளைவில் வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மனைவியிடம் சொல்லவே இல்லை.

விஷயம் இதுதான். பாரம் ஏறும்போது பின் சஸ்பென்ஷன் அமுங்கும், அப்போது முன் பல்சக்கரம், பின் சில்லைத் தாங்கும் சுவிங் ஆர்மின் மூட்டு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும். அந்த நிலையில்தான் செயினுக்கு ஆகக் கூடிய தூரம் வேண்டும். வெறும் பைக்கில் தொய்வில்லாமல் இறுக்கினால், பாரம் ஏறியதும் இழுபட்டு பெயரிங்கையும் சீலையும் தின்றுவிடும். அதனால் பைக்கோடு வந்த புத்தகத்தில் உள்ள தொய்வு அளவை, அதாவது செயினின் நடுவை மேலும் கீழும் அசைக்கக்கூடிய தூரத்தை, வைத்துக்கொள்ளுங்கள், பல 150 சிசி பைக்குகளில் அது 25 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், ட்ரெயில் பைக்குகளில் இன்னும் அதிகம். சில்லைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, எங்கே ஆகக் கூடுதலாக இறுகுகிறதோ அந்த இடத்தை வைத்தே சரிசெய்ய வேண்டும். பிறகு இரண்டு பேரை ஏற்றி உட்காரவைத்து, அப்போதும் செயினில் கொஞ்சமாவது அசைவு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் கொஞ்சம் தளர்வாகவே விடலாம், இறுக்கத்தை விடத் தொய்வு குறைந்த கேடுதான் செய்யும். கழுவ மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். ஓ-ரிங் செயினுக்குப் பெற்றோல் ஊற்றிக் கழுவாதீர்கள், ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை செயின் ஒயில் போடுங்கள், ஓடி முடித்து செயின் சூடாக இருக்கும்போது போட்டால் நன்றாக உள்ளே இறங்கும். மாற்றும்போது செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்து செட்டாக மாற்றுங்கள், பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் அதன் ஆயுள் பாதியாகிவிடும்.

கடற்காற்றுக்கு வருவோம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், மரீன் டிரைவை நோக்கிய பல்கனியில் இரும்புக் கதிரை ஒரு வருடம் தாங்காது. பைக்கும் அப்படித்தான். கிழமைக்கு ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் மென்மையாகக் கழுவி, உடனே ஒரு சுற்று ஓட்டிக் காயவிடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதைப் பலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள், அது ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும், காற்று போகும் துணி உறைதான் நல்லது. வயர் இணைப்புகளைக் கழற்றி, பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து மெல்லிய கிரீஸ் பூசுங்கள். துரு தடுக்கும் ஸ்பிரே எதை அடித்தாலும் பிரேக் டிஸ்க்கில் மட்டும் படவே கூடாது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். கியூஆர் குறியைக் காட்டிப் பெற்றோல் அடிக்கும் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். எத்தனையோ பைக்குகள் மாதக்கணக்கில் அரைத் தாங்கியோடு நின்றன, பிறகு ஓட்ட எடுத்தபோது காபரேட்டர் ஜெட் அடைத்திருந்தது, தாங்கிக்குள் துரு. அதில் நான் கற்றுக்கொண்டதை இன்றும் செய்கிறேன்: ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் தாங்கியை நிரப்பி வைப்பேன், காலியிடம் இருந்தால்தான் இந்த ஈரக் காற்று உள்ளே நீர்த்துளியாகப் படியும். காபரேட்டர் பைக்கானால் கிண்ணத்திலுள்ள பெற்றோலை அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி வடித்துவிடுவேன்.

எஞ்சின் ஒயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போத்தலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும். பெரும்பாலான பைக்குகளின் கிளட்ச் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே ஓடுவது, கார் ஒயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் மருந்துகள் கிளட்சை வழுக்கச் செய்யும். கொள்ளுப்பிட்டி நெரிசலில் நின்று நின்று ஓடும் எஞ்சினுக்கு ஒயில் சீக்கிரம் களைத்துவிடும் என்பதால், புத்தகம் சொல்லும் தூரத்துக்குக் கொஞ்சம் முந்தியே மாற்றுகிறேன். பிரேக் திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், பிறகு கடுகண்ணாவையிலோ ரம்பொடையிலோ இறங்கும்போது சூட்டில் கொதித்து லீவர் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அந்த இறக்கங்களில் சின்ன கியரில் இறங்கி எஞ்சினையே பிடிக்க விடுங்கள், பின் பிரேக்கை மிதித்தபடியே இறங்க வேண்டாம்.

நெரிசல் கொல்லும் இன்னொன்று கிளட்ச் கேபிள். நாளைக்கு நூறு தரம் இழுத்து விடும் கேபிள் லீவர் முனையில் ஒவ்வொரு இழையாக அறும். புதுக் கேபிள் ஒன்றை வாங்கி, பழையதற்குப் பக்கத்திலேயே அதே பாதையில் ஓடவிட்டு, முனைகளை மூடிக் கட்டி வைத்துவிடுங்கள். நடுவழியில் அறுந்தால் தாங்கியைக் கழற்றத் தேவையில்லை, இரண்டு முனையையும் மாட்டினால் பத்து நிமிடத்தில் கிளம்பலாம்.

ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. கட்டை தேயாவிட்டாலும் ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் அதை நம்பிப் பாரம் ஏற்ற மாட்டேன். காற்று அளவை ரயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சுவிங் ஆர்மில் அல்லது செயின் உறையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தனியாகப் போக ஒரு அளவு, ஆள் ஏற்றினால் இன்னொரு அளவு இருக்கும், இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. ரியூப்லெஸ் என்றால் பஞ்சர் பிளக் செட்டும் ஒரு சின்னப் பம்பும் போதும். கம்பிச் சில்லென்றால் பெரும்பாலும் உள்ளே ரியூப் இருக்கும், ஒரு ரியூபும் ரயர் லீவரும் கொண்டு போங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகிவிட்டு.

பாரம் கட்டும்போது கனமானது கீழேயும் முன்னுக்கும் இருக்கட்டும். பின் பெட்டியில் கல் மாதிரி நிரப்பினால் முன் சில்லு இலேசாகி ஹேண்டில் ஆடத் தொடங்கும். பக்கப் பெட்டி பூட்டும் ஆசையில் சாறி கார்டைக் கழற்றி எறிகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். பின்னால் இருப்பவரின் சாறித் தலைப்போ சால்வையோ சில்லில் சுற்றினால் என்ன நடக்கும் என்று எழுத எனக்கு மனமில்லை. ஆள் ஏறியதும் நீங்களே இறங்கிப் பார்த்து, துணியைச் செருகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கிளம்புவது அதிகாலை நாலு மணிக்கு. பேலியகொடை, வத்தளை, நீர்கொழும்பு, சிலாபம் எல்லாம் சனம் எழும்ப முதல் கடந்துவிடலாம், ஏழு மணி போல புத்தளத்தில் இடியப்பம். அதன்பின் அநுராதபுரம் வரையான 75 கிலோமீட்டரளவு வில்பத்துக் காட்டோரம், யானை வரும் இடம், அதை நல்ல வெளிச்சத்தில் மட்டுமே கடக்க வேண்டும். யானை நின்றால் தூரத்திலேயே நில்லுங்கள், ஹோர்ன் அடிக்க வேண்டாம், படம் எடுக்கக் கிட்டப் போக வேண்டாம், பின்னால் வரும் லொறியோடு சேர்ந்து கடங்கள். அநுராதபுரத்திலிருந்து ரம்பாவ வழியாக ஏ9 இல் ஏறினால் மதவாச்சி, வவுனியா. வவுனியாவில் பெற்றோல் அடித்துவிடுங்கள், தாங்கியில் பாதி இருந்தாலும்.

வெளிநாட்டிலிருந்து வந்து ஓட்டுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எதிரே பஸ் லைட்டை மினுக்கினால் "நீ போ" என்று அர்த்தமில்லை, "நான் வாறன், விலகு" என்றுதான் அர்த்தம். விலகும்போது தார் விளிம்பைப் பாருங்கள், சில இடத்தில் நாலு அங்குலப் பள்ளம் இருக்கும். அறுவடைக் காலத்தில் வன்னியில் வீதியோரம் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதன்மேல் பிரேக் பிடித்தால் மணலில் பிடித்த மாதிரி. மழை தொடங்கின முதல் பத்து நிமிடமும் தண்டவாளக் கடவைகளும் அப்படித்தான் வழுக்கும், கடவையை நேர்கோணத்தில், பிரேக் பிடிக்காமல் தாண்டுங்கள்.

முறிகண்டியில் எல்லாரையும் போல நானும் நிறுத்துவேன். பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் ஒரு பை வாங்கி, அந்தப் பத்து நிமிடத்தில் செயினையும் ரயரையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். கை வைக்க முடியாத சூடு சில்லின் நடுவில் இருந்தால் பிரேக் உரசுகிறது அல்லது பெயரிங் போகிறது, அங்கேயே பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஆனையிறவு. மே மாதம் தொடங்கி செப்ரெம்பர் வரை சோளகக் காற்று அந்த வெளியில் இடப்பக்கமிருந்து வீசித் தள்ளும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும், முழங்காலால் தாங்கியை அணைத்து, கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்துப் போங்கள்.

யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும் பைக்கைக் கழுவ ஆசை வரும். தண்ணியை நாக்கில் வைத்துப் பாருங்கள், பல இடத்துக் கிணறுகள் உவர். உவர்த் தண்ணியில் கழுவுவதை விடத் தூசியோடு விடுவது மேல். திரும்பி வந்த அன்றே கொழும்பில் நல்ல தண்ணியில் கழுவி, செயினுக்கு ஒயில் போட்டு, மீட்டரில் உள்ள தூரத்தையும் வழியில் கேட்ட புதுச் சத்தங்களையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வையுங்கள். என் கொப்பியில் கடைசியாக எழுதியிருப்பது, "பின் பிரேக் பாட் பாதி, அடுத்த முறை புத்தளத்துக்கு முதல் மாற்று."