சர்வர் எழும்போது ஓடும் வட்டுச் சோதனையைத் தள்ளிவைப்பது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம் சாயங்கால மழை இடியோடுதான் வரும். அப்படி ஒரு மழையில் கரண்டு போய், நான் பார்த்துக்கொள்ளும் தோட்ட எடைமேடை ஆபீஸின் சர்வரும் படுத்துவிட்டது. திரும்ப எழுந்தபோது கறுப்புத் திரையில் வட்டுச் சோதனை ஓடுகிறது. வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வரிசையில் நிற்கின்றன. பழம் காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும். கிராணி போனில் கேட்டார்: "அண்ணே, பதினொரு சதவீதத்துலயே நிக்குது, சுவிட்சை அணைச்சுப் போடவா?"

"வேண்டாம் தம்பி, அதுமட்டும் செய்யாதீங்க."

வட்டைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது மின்சாரத்தை வெட்டினால் கோப்புகள் இன்னும் மோசமாகக் கெடலாம். அதனால் சோதனையை அடியோடு நிறுத்தாமல், நமக்குத் தோதான நேரத்துக்குத் தள்ளிவைப்பதுதான் நல்லது. விண்டோஸ் சர்வரில் அதற்கு ஒரே கட்டளை போதும்: சிஎச்கேஎன்டிஎஃப்எஸ். இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதல் படி. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கட்டளைக்குப் பின் டிரைவ் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் போடுங்கள். அந்த டிரைவ் 'டர்ட்டி'யா இல்லையா என்று பதில் வரும். எழுதி முடிக்காத வேலை பாக்கியிருந்தால் விண்டோஸ் வைக்கும் குறி அது. இந்தக் குறி இருந்தால்தான் எழும்போது சோதனை தானாக ஓடும்.

அடுத்து, காத்திருக்கும் நேரம். சோதனை தொடங்குமுன் திரையில் விநாடிகள் இறங்கும். அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் அந்த ஒரு முறை சோதனை நடக்காது. புதிய பதிப்புகளில் இது 8 விநாடிதான். மழையில் ஓடிவந்து கீபோர்டைத் தொடுவதற்குள் போய்விடும். கட்டளை, இடைவெளி, சாய்கோடு, 'டைம்' என்ற சொல்லின் முதல் எழுத்து, முக்காற்புள்ளி, 60 என்று தட்டினால் ஒரு நிமிடம் கிடைக்கும். 0 போட்டால் சோதனையே வராது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, காத்திராமல் உடனே தொடங்கிவிடும், தடுக்கவும் முடியாது.

மூன்றாவது, பெரிய டேட்டா டிரைவை விலக்குவது. எங்கள் எடைக் கணக்கு இ டிரைவில் இருக்கிறது. கட்டளைக்குப் பின் சாய்கோடு எக்ஸ், அப்புறம் இ, முக்காற்புள்ளி. இங்கே ஒரு கண்ணி உண்டு. இன்று இ டிரைவை விலக்கி, நாளை எஃப் டிரைவை மட்டும் தனியாக விலக்கினால், இ டிரைவுக்குப் போட்டது அழிந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரே வரியில் சேர்த்துத் தட்டுங்கள். சி டிரைவை நான் விலக்குவதே இல்லை. சிஸ்டம் இருக்கும் இடத்தில் பிழை இருந்தால் உடனே தெரிய வேண்டும்.

விலக்கிய டிரைவை அப்படியே விட்டுவிடக் கூடாது. லோரி வராத ஞாயிற்றுக்கிழமை முதலில் பேக்அப் எடுத்துவிட்டு, செக்டிஸ்க் (தட்டும்போது சிஎச்கேடிஎஸ்கே) கட்டளைக்குப் பின் டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, இடைவெளி, சாய்கோடு, 'ஸ்கேன்' சேர்த்து ஓட்டுங்கள். 2012 பதிப்பிலிருந்து, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது பிழைகளைக் கண்டுபிடித்துக் குறித்துவைக்கும். பிறகு 'ஸ்கேன்' இருந்த இடத்தில் 'ஸ்பாட்ஃபிக்ஸ்' சேர்த்து ஓட்டினால், குறித்த இடங்களை மட்டும் சரிசெய்யும். டிரைவ் கொஞ்ச நேரமே பயன்பாட்டிலிருந்து விலகியிருக்கும்.

பழைய நிலைக்குத் திரும்ப, சாய்கோட்டுக்குப் பின் 'டிஃபால்ட்' என்பதன் முதல் எழுத்து. விலக்கு எல்லாம் நீங்கும். காத்திருக்கும் நேரம் மட்டும் நீங்கள் வைத்தபடியே இருக்கும்.

எழும்போது சோதனை ஓடியிருந்தால், ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறந்து, 'வின்இனிட்' என்ற பெயரில் 1001 எண்ணைத் தேடுங்கள். என்ன கெட்டது, என்ன சரியானது என்று வரி வரியாக இருக்கும். அதை ஒரு கோப்பில் சேமித்துவையுங்கள். கரண்டு போகாத நாளிலும் அதே டிரைவ் மறுபடி டர்ட்டி என்று வந்தால், வட்டையே மாற்றப் பாருங்கள்.