ரோசேசியாவுக்கு க்ரீம் தடவுகிறீர்களா? டியூபைத் திருப்பிப் படியுங்கள்

கன்னமும் மூக்கும் அடிக்கடி சூடேறிச் சிவக்கும், சிறு சிறு பொரிகள் வரும், ஆனால் பருவில் காணும் கரும்புள்ளிகள் இருக்காது. ரோசேசியா என்ற தோல் நோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் கண்ணில் படுவதில்லை. எரிச்சலை வைத்துத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. அதனால் பரு என்றோ அலர்ஜி என்றோ முடிவுகட்டி, மருந்துக்கடையில் "முகத்துக்கு ஒரு க்ரீம்" கேட்கிறோம்.

பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. கையில் வருவது பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டாக இருக்கலாம். அது ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் இரண்டே நாளில் முகம் தெளிந்துவிடும். கடைக்காரர் கைராசிக்காரர் ஆகிவிடுவார்! மாதக்கணக்கில் தடவினாலோ தோல் மெலிகிறது, குழாய்கள் விரிகின்றன. நிறுத்தினால் முன்னைவிட மோசமாகச் சிவக்கும். பயந்துபோய் மறுபடியும் அதையே தடவுவோம். ரோசேசியாவே இல்லாதவருக்கும் அதைப் போன்ற தோற்றத்தை இது உண்டாக்கும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்க இருந்த விலக்கை நீக்கி, மருத்துவர் சீட்டைக் கட்டாயமாக்கியது. சீட்டைக் கேட்காத கடைகள் இன்னும் இருக்கின்றன. ஏற்கெனவே பல மாதம் தடவியிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். டியூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள்.

ரோசேசியாவுக்கான மருந்துகள் மெதுவானவை. மெட்ரோனிடசோல், 15 சதவீத அசெலாயிக் அமிலம், 1 சதவீத ஐவர்மெக்டின் ஆகிய மூன்றும் பொரிகளைக் குறைக்கும். பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். முழுப் பலனுக்கு 12 வாரம் வரை பொறுக்க வேண்டும். பத்தாம் நாளே "கேட்கவில்லை" என்று குப்பையில் போடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பொரியின் மேல் மட்டும் பொட்டு வைப்பதும் பயன் தராது. ஐவர்மெக்டின் என்றால் நெற்றி, மூக்கு, முகவாய், இரு கன்னம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டாணி அளவு, நாளுக்கு ஒரு முறை. அசெலாயிக் அமிலம் தொடக்கத்தில் சுரீரென்று எரியும். ஈரம் நன்றாகக் காய்ந்தபின் தடவினால் எரிச்சல் குறையும்.

பிரிமோனிடின் ஜெல் வேறு ரகம். அரை மணியில் சிவப்பை அடக்கும், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விட்டுவிடும். சிலருக்கு அதன்பின் இன்னும் கடுமையாகச் சிவக்கும். கல்யாணத்தன்று காலையில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

மருந்தோடு எலுமிச்சைச் சாறு, ஸ்க்ரப், ஆல்கஹால் கலந்த டோனர் எதுவும் வேண்டாம். வெயிலுக்குத் துத்தநாக ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீன் போதும். கோடு கோடாகத் தெரியும் ரத்தக் குழாய்களை எந்த க்ரீமும் அழிக்காது, அதற்கு லேசர்தான்.

கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தினாலோ இமையோரம் சிவந்தாலோ முகத்து க்ரீமை அங்கே இழுத்துத் தடவாதீர்கள். ரோசேசியா கண்ணையும் தாக்கும். கண் மருத்துவர் பார்க்க வேண்டும்.