பொறந்த வீட்டுக்கு வந்தாலும் பதிவு உண்டு

அம்பாசமுத்திரத்தில் சின்னதாக ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறேன். மலேசியா, சிங்கப்பூரில் காலம் தள்ளிவிட்டு, கடைசிக் காலத்தை ஊரில் கழிக்கலாம் என்று வருகிறவர்களுக்கு அடிக்கடி படிவம் நிரப்பிக் கொடுப்பேன். ஆனால் வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் வீட்டில் தங்கினால் அதைப் பதிய வேண்டும் என்ற விஷயத்தை நான் கற்றுக்கொண்டது என் பெரியப்பாவிடம்தான், அதுவும் கோட்டை விட்ட பிறகு.

பெரியப்பா கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, சின்ன வயதிலேயே பினாங்குக்குப் போனவர். இப்போது மலேசியக் குடிமகன். பெரியம்மா போன பிறகு, ஒரு பெட்டி நிறையக் கோடாலித் தைலமும் மைலோவும் வாங்கிக்கொண்டு திருச்சியில் வந்து இறங்கினார். அன்றிரவு அங்கேயே லாட்ஜில் தங்கினோம். லாட்ஜ்காரர்கள் பாஸ்போர்ட்டை வாங்கி ஏதோ பதிந்தார்கள். சரி, வேலை முடிந்தது என்று நினைத்து ஊருக்குக் கூட்டி வந்துவிட்டேன். நாலாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “சி படிவம் போட்டாச்சா?” என்று கேட்டார். நல்ல மனிதர், காப்பி குடித்துவிட்டு உடனே போடச் சொல்லிப் போனார்.

பெரியப்பாவுக்குத்தான் ஆறவில்லை. “ஏலே, நான் பொறந்த வீட்ல தங்குறதுக்குப் போலீஸ்ட்ட எதுக்குல சொல்லணும்?”

சொல்ல வேண்டியது அவர் இல்லை, நாம். பலரும் தப்புப் பண்ணுவது இந்த இடத்தில்தான். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வந்து தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் சி படிவம் என்கிற அந்தத் தகவலைக் கொடுக்கும் பொறுப்பு இடம் கொடுத்தவருடையது. லாட்ஜ் என்றாலும் சரி, அண்ணன் தம்பி வீடு என்றாலும் சரி. லாட்ஜ்காரர் பதிந்தது லாட்ஜில் தங்கியதற்கு மட்டும். நம் வீட்டுக்கு நாம் தனியாகப் பதிய வேண்டும். 1946ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதுக் குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் வந்துவிட்டது. அதிலும் இந்தக் கடமை அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரிகளுக்கும் இதுபோல உண்டு. பெரியப்பாவைச் சளிக்காய்ச்சலுக்குச் சேர்த்தபோது முதலில் பாஸ்போர்ட்டைக் கேட்டதன் காரணம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

பதிவெல்லாம் எஃப்ஆர்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில்தான். முதலில் வீட்டுக்காரர் பேரில் கணக்கு தொடங்க வேண்டும். விருந்தாளி டிக்கெட் எடுத்த அன்றே தொடங்கிவிடுங்கள், எங்களுக்கு ஒப்புதல் வரச் சில நாள் ஆனது. எங்கள் வீட்டுத் தீர்வை ரசீது இன்னும் தாத்தா பேரில்தான் வருகிறது. அதனால் அங்கே குடியிருக்கும் அப்பா பேரில், அவருடைய ஆதாரையும் கரண்ட் பில்லையும் வைத்துப் போட்டேன். மாவட்டத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். கடையநல்லூர், தென்காசி, சங்கரன்கோவில் எல்லாம் 2019 முதல் தென்காசி மாவட்டம். பழக்கதோஷத்தில் திருநெல்வேலி என்று போட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா பக்கம், இமிகிரேஷன் முத்திரை விழுந்த பக்கம், ஒரு போட்டோ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் பெரிய தலைவலி. மலேசிய பாஸ்போர்ட்டில் ‘இன்னார் ஏ/எல் இன்னார்’ என்று, மகன் என்பதற்கான மலாய்க் குறியோடு அப்பா பெயரும் ஒரே வரியில் இருக்கும். நம் படிவமோ குடும்பப் பெயர் தனி, சொந்தப் பெயர் தனி என்று கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? நாமாகப் பிரித்து எழுதக் கூடாது. விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். இனிஷியலாகச் சுருக்கவே வேண்டாம்.

இது வீட்டுக்காரர் வேலை. வந்தவருக்கும் ஒரு வேலை இருக்கலாம். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் நீண்ட நாள் தங்க வருகிறவர், வந்த 14 நாளுக்குள் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டியிருக்கும். பதிவு தேவையா, ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதெல்லாம் விசாவிலேயே எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். ஒருவர் இந்தியாவில் வசிப்பவரா என்று வருமான வரிக்காரர் பார்க்கும் கணக்கு 182 நாள். அது வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு என் கடையில் சண்டை போட்டவர்கள் உண்டு.

இந்தியாவில் ஓய்வுக்கால விசா என்று தனியாக ஒன்றும் கிடையாது. வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட நம் வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைதான் வசதியான வழி. எத்தனை நாள் இருந்தாலும் அந்த 14 நாள் பதிவு அவர்களுக்கு இல்லை. ஆனால் இங்கேயே குடியிருக்கிற அட்டைக்காரர் நிரந்தர முகவரியோ தொழிலோ மாறினால், எஃப்ஆர்ஆர்ஓவுக்கு மின்னஞ்சலில் சொல்ல வேண்டும். மத ஊழியம், தப்லீக் பணி போன்றவற்றுக்குத் தனி அனுமதி தேவை. அட்டை இருந்தாலும் வீட்டில் தங்கும் தகவலைப் பதியாமல் நான் விடுவதில்லை. பத்து நிமிஷ வேலை.

டூரிஸ்ட் விசாவில் வந்து, இங்கிருந்தபடியே ஓசிஐக்கு விண்ணப்பிக்க முடியாது. பெரியப்பா திரும்பிப் போய், கோலாலம்பூரில் உள்ள நம் தூதரகம் வழியாகத்தான் வாங்கினார். கையில் அட்டை வந்ததும், ஆற்றங்கரைப் பக்கம் ஒரு ஏக்கர் நஞ்சை வாங்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஓசிஐக்காரர் விவசாய நிலம் விலைக்கு வாங்கக் கூடாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

அடுத்த மாதம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் பினாங்கு போகிறார். 20 வயது தாண்டியபின் வாங்கிய அட்டை என்பதால் ஓசிஐயை மாற்ற வேண்டியதில்லை. புது பாஸ்போர்ட் நகலையும் போட்டோவையும் மட்டும் 3 மாதத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். தினசரி காலண்டரில் அவர் திரும்பி வரும் தேதியை வட்டம் போட்டு, பக்கத்தில் ‘சி படிவம்’ என்று எழுதிவிட்டேன். அதைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா கேட்டார்: “அப்ப, இந்தத் தடவை திருச்சியில தங்காம நேரா வந்துரட்டுமால?”