வேலை இடத்தில் தொல்லை: நிர்வாகம் கைவிரிக்கும் முன் சேர்க்கவேண்டிய கடதாசிகள்

மட்டக்களப்பில் நிதி நிறுவனமோ, கல்முனையில் ஜவுளிக்கடையோ, தொல்லை பற்றிய முறைப்பாடு பெரும்பாலும் விழுவது ஒரே பதிலில்தான்: "எங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை." மனேஜரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

ஒரு கொப்பி வாங்குங்கள். நடந்த அன்றே திகதி, நேரம், இடம், பக்கத்தில் நின்றவர்கள், தொல்லை தந்தவர் சொன்ன வார்த்தை எல்லாம் எழுதுங்கள். கூச்சமாக இருந்தாலும் அதே வார்த்தை. "தவறாக நடந்தார்" என்று மட்டும் எழுதினால் விசாரணையில் நிற்காது. வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷொட்டில் நீங்கள் சேமித்த பெயர் போதாது, இலக்கமும் திகதியும் தெரியவேண்டும். மூலச் செய்தியை அழிக்கவேண்டாம். புது போன் வாங்கினாலும் பழையதை விற்காதீர்கள்.

அடுத்தது கடிதம். ஒரு பக்கம் போதும். என்ன வேண்டும் என்று கேளுங்கள்: விசாரணை, அவரோடு ஒரே ஷிப்டில் போடாமை, எந்தத் திகதிக்குள் பதில். கையில் கொடுத்தால் பிரதியில் ஒப்பமும் திகதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். பற்றுச்சீட்டைப் பிரதியோடு பின் அடித்து வையுங்கள். தொல்லை தருபவர் கிளை மனேஜர்தான் என்றால் நேரே தலைமைக் கந்தோருக்கு.

இதற்குப் பிறகுதான் கவனம் தேவை. "பிரச்சினை வேண்டாம், விலகிவிடுங்கள்" என்று தயார்க் கடிதம் நீட்டுவார்கள். "சொந்தக் காரணங்களுக்காக" என்ற அந்த ஒரு வரி, வேலை இழந்தவர்களின் வழக்கைக் கேட்கும் தொழில் நியாய சபையில் உங்களுக்கு எதிராகவே பேசும். இருக்கவே முடியாவிட்டால், நடந்த தொல்லையையும் நிர்வாகம் ஒன்றும் செய்யாததையும் காரணமாக எழுதி விலகுங்கள். சொல்லாமல் நின்றுவிடுவது இன்னும் மோசம். "தானாகவே விட்டுப் போனார்" என்பார்கள். நியமனக் கடிதம் இல்லையா? சம்பளச் சீட்டும் ஊழியர் சேமலாப நிதி இலக்கமும் வேலை செய்ததைக் காட்டும். சபைக்குக் காலக்கெடு உண்டு, தாமதிக்கவேண்டாம்.

பாலியல் தொல்லை, தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். பாதிக்கப்பட்டவர் ஆணென்றாலும் பொருந்தும். பொலிஸுக்குப் போக நிர்வாகத்தின் அனுமதி தேவையில்லை. அம்பாறை நகரில் பொலிஸார் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்து விளக்காமல் ஒப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தனியே போகத் தயங்கும் பெண்கள் மகளிர் உதவி இலக்கமான 1938க்கு அழைக்கலாம், அல்லது பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் காணலாம். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அரச ஊழியர்கள் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு. அப்படி முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடுவதற்கான ஒரு மாதக் கெடுவில் சேராது.