மருந்தும் துணைப்பொருளும் ஒத்துப்போகின்றனவா: டிஎஸ்சி சோதனை செய்யும் முறை

மாத்திரையில் மருந்தோடு சேரும் ஸ்டார்ச், லாக்டோஸ், மெக்னீசியம் ஸ்டியரேட் போன்ற துணைப்பொருள்களில் எது மருந்தைக் கெடுக்கக்கூடும் என்பதை மாதக்கணக்கில் காத்திராமல் ஓரளவு முன்னதாகவே அறிய டிஎஸ்சி கருவி உதவுகிறது; சூடாக்கும்போது ஒரு பொருள் உள்வாங்கும் அல்லது வெளிவிடும் வெப்பத்தை அளந்து வரைபடமாகக் காட்டும் கருவி அது. கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரியிலோ இவ்வேலையில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இண்டியம் என்னும் உலோகத்தைக் கொண்டு கருவியைச் சரிபார்க்க வேண்டும்; அது 156.6 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்காவிட்டால் அன்றைய அளவீடு எதையும் நம்பக் கூடாது. அதன்பின் மருந்து, துணைப்பொருள், இரண்டும் எடையில் சமமாகச் சேர்ந்த கலவை ஆகிய மூன்றையும் தனித்தனியே, ஒரே நிலைமையில் ஓட்ட வேண்டும். மாத்திரையில் சிறிதளவே சேரும் பொருளையும் சம அளவில் எடுப்பது, வினை இருந்தால் அது தெளிவாக வெளிப்பட வேண்டும் என்பதற்காகத்தான். கலவையை அழுத்தி அரைக்காதீர்கள். படிக வடிவமே மாறிவிடக்கூடும். 2 முதல் 5 மில்லிகிராம் வரை அலுமினியக் கிண்ணத்தில் எடைபோட்டு, ஊசித்துளையிட்ட மூடியால் மூடி, நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் நைட்ரஜன் ஓட்டத்தில், நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடாக்குவது வழக்கம்.

வரைபடத்தைப் படிக்கும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். பாராசிட்டமால் 169 டிகிரியை ஒட்டி உருகும்; அந்த உருகல் வரைபடத்தில் ஒரு முகடாகத் தெரியும். கலவையிலும் அந்த முகடு அதே இடத்தில் நின்று, கலவையில் மருந்து பாதிதான் என்பதற்கேற்ப அதன் வெப்ப அளவும் ஏறத்தாழப் பாதியாக இருந்தால் கவலையில்லை. ஆஸ்பிரினோடு மெக்னீசியம் ஸ்டியரேட்டைச் சேர்த்தால் முகடு தாழ்ந்த வெப்பநிலைக்கு நகரும். அவ்விரண்டும் ஒத்துப்போகாதவை என்பது நெடுநாளாக அறிந்த செய்தி. ஆனால் முகடு மறைந்த உடனே துணைப்பொருளை ஒதுக்கிவிடக் கூடாது. 60 டிகிரியை ஒட்டி உருகும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் துணைப்பொருள் முன்னதாகவே உருகி, மருந்தைத் தன்னுள் கரைத்துக்கொண்டாலும் முகடு மறையும். அது வேதிவினை அன்று.

நம் கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்துவைத்த ஸ்டார்ச் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூடாக்கும்போது அந்த நீர் வெளியேறுவது 100 டிகிரியை ஒட்டி அகன்ற முகடாகத் தெரியும். அதை வினையென்று எண்ணி நல்ல துணைப்பொருளைக் கைவிட்ட மாணவர்களைக் கண்டிருக்கிறேன். மாதிரிகளை ஈரம் புகாத டெசிக்கேட்டர் கலத்தில் வையுங்கள். ஐயம் எழுந்தால், சூடாக்கும்போது எடை மாறுவதை அளக்கும் டிஜிஏ கருவியில் ஓட்டிப் பாருங்கள். அங்கே எடை குறைந்தால் ஏதோ ஆவியாகி வெளியேறுகிறது. வெறும் உருகலில் எடை குறையாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் தீராத கலவையை 40 டிகிரி வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் ஒரு மாதம் வைத்து, கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் மருந்தின் அளவையும் சிதைவுப் பொருள்களையும் அளந்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.