மணாலிக் காட்டில் தேவதாருவை அடையாளம் காண்பது எப்படி?

மணாலி போய் வருகிறவர்கள் அங்கே இருக்கிற ஊசியிலை மரம் எல்லாவற்றையும் பைன் என்றே சொல்கிறார்கள், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். 1553-இல் கட்டிய ஹிடிம்பா கோயிலைச் சுற்றி அண்ணாந்து பார்க்க வைக்கும் மரங்கள் தேவதாரு. இமாச்சலப் பிரதேசத்தின் மாநில மரமே அதுதான்.

முதலில் தாழ்ந்த கிளை ஒன்றில் பனியை மெல்லத் தட்டிவிட்டு இலையைப் பாருங்கள். சின்னக் குருத்து ஒவ்வொன்றிலும் இருபது முப்பது ஊசிகள் குஞ்சம்போலக் கொத்தாக இருந்தால் அது தேவதாரு. ஐந்தைந்து நீள ஊசிகளாக இருந்தால் நீலப் பைன், கொஞ்சம் தாழ்வான மலைகளில் மூன்று மூன்றாக இருந்தால் சீர் பைன். கொத்தே இல்லாமல் ஒவ்வொரு ஊசியும் தனித்தனியாக இருந்தால் ஸ்புரூஸ் அல்லது ஃபிர் என்கிற வேறு ஊசியிலை மரம். ஒன்று கவனியுங்கள், தேவதாருவிலும் புதிதாக நீளும் கிளை நுனியில் ஊசிகள் தனித்தனியாகத்தான் இருக்கும், அதனால் நுனியை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிப் பாருங்கள்.

அப்புறம் காய். தேவதாருக் காய் பீப்பாய் வடிவத்தில் கிளைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். நீலப் பைன், ஸ்புரூஸ் காய்கள் முற்றினால் தொங்கும். ஃபிர் காயும் நிமிர்ந்தே நிற்பதால் இலையோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேவதாருக் காய் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும், முழுசாகக் கீழே கிடைப்பது அரிது. பனி இல்லாத இடத்தில் தேடினால் அதன் நுனி மட்டும் மர ரோஜாப்பூ மாதிரி கிடைக்கும், அத்தனை அழகு!

இளமரமா என்று தெரிய உச்சியைப் பாருங்கள், நுனி வளைந்து தொங்கும். வயதான மரத்தில் உச்சி தட்டையாகப் பரந்திருக்கும்.

பட்டையை மட்டும் கீறாதீர்கள்.